லாரித் தண்ணீர் குடித்த புல்தரையில் நாட்டுச் செடிகள்

எங்கள் அடுக்குமாடி வளாகம் திருவான்மியூருக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. வளாகத்தின் மத்தியில் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, வெறும் புல்தரை. அதை நாட்டுச் செடிகள் கொண்ட பொதுத் தோட்டமாக மாற்றிய வேலையை இங்கே எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பயன்படட்டும். நான் சொல்வது சென்னைக் கரையோரத்துக்குப் பொருந்தும். கோவையிலோ மதுரையிலோ செடிகள் மாறும், மழை மாதங்களும் கொஞ்சம் மாறும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. சங்கக் கூட்டத்தில் எல்லோரையும் யோசிக்க வைத்தது இந்தக் கணக்குதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு ஏறக்குறைய 223 சதுர மீட்டர். கோடையில் புல் வாடாமல் இருக்க நாளைக்கு 5 மில்லிமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 1100 லிட்டருக்கு மேல் ஆகிறது. 12,000 லிட்டர் லாரி ஒன்று பத்துப் பதினோரு நாளில் புல்லுக்கே போய்விடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தபோது, குடிக்கவும் குளிக்கவுமே லாரிக்குக் காத்துக் கிடந்தோம். புல்லுக்கு ஊற்றுவதை அப்போது நிறுத்தியதுதான், அப்புறம் யாரும் தொடங்கவில்லை. கொரியன் புல் காய்ந்தது, கோரை ஏறியது, ஓரமெல்லாம் பார்த்தீனியம் பூத்தது. பிள்ளைகள்கூட அந்தப் பக்கம் போவதில்லை.

இத்தனைக்கும் சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் கொட்டி முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கே ஒரு செடி இரண்டையும் தாங்க வேண்டும். கத்திரி வெயிலில் காய வேண்டும், கார்த்திகையில் இரண்டு நாள் தண்ணீரிலும் நிற்க வேண்டும். வறட்சி தாங்கும் தோட்டம் என்றதும் எங்கள் கூட்டத்தில் முதலில் எழுந்த யோசனை கூழாங்கல்லைக் கொட்டி நடுவே கள்ளி வகைகளை வைப்பது. படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாலைவனச் செடிக்கு ஐப்பசி அடைமழை ஆகாது, வேர் அழுகிவிடும். கூழாங்கல் பகலில் சூடேறி ராத்திரியிலும் அனல் விடும். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டையும் தாங்கும் செடிகள் இந்தக் கரையிலேயே ஏற்கனவே இருக்கின்றன. சோழமண்டலக் கரையோரமாக ஒரு குறுகிய பட்டையில் வளர்ந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் செடிகள் அவை. மூன்று மாத மழையை வாங்கிக்கொண்டு மீதி ஒன்பது மாதமும் பச்சையாக நிற்கும் காடு. இலைகள் தடித்து, மேலே மெழுகு பூசியது போல் பளபளப்பாக இருக்கும். பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான், புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி. சென்னைக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால் அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கரில் மீட்டெடுத்துத் திறந்த தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. எங்கள் சங்கத்தில் தயங்கியவர்களை அங்கே கூட்டிப் போய்க் காட்டினோம். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த இடத்தில் அப்படி ஒரு நிழலைப் பார்த்த பிறகு கூழாங்கல் பேச்சு வரவில்லை.

2022 மே மாதம் மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். யார் இந்த வேலையில் இறங்கினாலும் செடி வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். மூன்று நான்கு இடத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி. எங்கள் குழியின் சுவரில் மூன்று அடுக்குகள் தெரிந்தன. மேலே நாலு அங்குலம் செம்மண், புல் பதிக்க வெளியிலிருந்து கொண்டுவந்தது. அதற்குக் கீழே ஓர் அடிக்கு உடைந்த டைல்ஸ், செங்கல் துண்டு, சாக்கோடு இறுகிப்போன சிமெண்ட். அதற்கும் கீழே சுத்தமான கடல் மணல். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். இடிபாட்டு அடுக்கோடு நிறுத்திய குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது. மணல் வரைக்கும் போன குழியில் சில நிமிடங்களில் காணாமல் போனது. மழைக்காலத்தில் புல்தரை ஏன் சேறாகிறது, கோடையில் ஏன் கட்டாந்தரையாகிறது என்பதற்கு இந்த ஓரடி இடிபாடே காரணம். முழுவதையும் எடுக்க ஜேசிபி வேண்டும், உள்ளே வர வழியில்லை. செடி வைக்கும் குழிகளிலும் மழைநீர்ப் பள்ளத்திலும் மட்டும் அந்த அடுக்கைக் கடப்பாரையால் உடைத்து வெளியே எடுத்தோம்.

அடுத்தது கோரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல தோட்டங்கள் இங்கேதான் கைவிடப்படுகின்றன. மேலே தெரியும் மூன்று இலையைப் பிடுங்கினால் ஒன்றும் ஆகாது. கீழே கறுப்பாக, கொட்டைப்பாக்கைவிடச் சிறிய கிழங்குகள், மெல்லிய தண்டால் ஒன்றோடொன்று கோத்தபடி இருக்கும். உடைத்தால் உள்ளே வெள்ளை, நல்ல வாசனை. நாட்டு மருந்துக் கடையில் விற்பதும் இதுதான். மண்வெட்டியால் கொத்தினால் அந்தக் கோவை அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். ஆகவே மண்வெட்டி வேண்டாம். நாலு பல் உள்ள ஃபோர்க்கை ஓரமாகக் குத்தி, நெம்பி, மண்ணை உதிர்த்துவிட்டுக் கோவையோடு இழுக்க வேண்டும். மண் லேசாக ஈரமாக இருந்தால்தான் இது வரும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாளி கொடுத்துக் கிழங்கு பொறுக்க விட்டோம். பெரியவர்களைவிட அவர்கள் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிகிறது.

களைக்கொல்லி அடித்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடியுமே என்று கேட்டவர்கள் உண்டு. கிளைபோசேட் மருந்தைப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவன ஆட்களைத் தவிர மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு பிற்பாடு, 2022 அக்டோபரில், உத்தரவு போட்டது. உத்தரவு இல்லாவிட்டாலும், பிள்ளைகள் மண்ணளையும் இடத்தில் அது எனக்குச் சம்மதமில்லை. அதற்குப் பதில் கத்திரி வெயிலைப் பயன்படுத்தினோம். கிழங்கு பொறுக்கிய மண்ணைச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, நாலு விளிம்பையும் மண்ணுக்குள் புதைத்து மூடிவிட்டோம். கறுப்பு விரிப்பு உதவாது, வெயில் உள்ளே போக வேண்டும். ஐந்து ஆறு வாரம் அப்படியே கிடந்தால் மேல்மண்ணில் உள்ள களை விதைகளும் அருகம்புல் வேரில் பெரும்பகுதியும் வெந்துவிடும். ஆழத்தில் தங்கிய கோரைக் கிழங்கு தப்பும். ஆனால் கோரைக்கு நிழல் ஆகாது. செடிகள் வளர்ந்து தரையை மூடத் தொடங்கியதும் அது தானாகவே மெலிந்தது. முதல் இரண்டு ஆண்டு விடாமல் கிளறி எடுத்தால் போதும், அப்புறம் நிழல் பார்த்துக்கொள்ளும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால், கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குங்கள். சிலருக்கு அதன் மேல் பட்டாலே தோல் தடித்துவிடும்.

இனி இந்தத் தோட்டத்தின் உயிர்நாடியான பள்ளமும் மேடும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் மொட்டைமாடிக் குழாயும் ஒரு கசிவுக் குழியில்தான் விழுந்தது. ஆனால் பெருமழையில் குழி நிரம்பி மிச்சமெல்லாம் தெருவுக்கு ஓடியது. ஒரு கிரவுண்டு மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 11,000 லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர். அதைத் தோட்டத்துக்குத் திருப்பினோம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, சரிவுக்குக் குறுக்காக வளைந்து போகும் பள்ளம் ஒன்று வெட்டினோம். அகலம் மூன்றடி, ஆழம் ஓரடி. அடியில் இடிபாட்டை உடைத்து மணலைத் தொடவிட்டோம். வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே ஓரடி உயரத்துக்கு மேடாகக் குவித்தோம். பள்ளத்தின் அடிக்கும் மேட்டின் உச்சிக்கும் இரண்டடி வித்தியாசம். ஈரம் விரும்புவது கீழே, ஈரம் ஆகாதது மேலே என்று பிரித்து வைக்க இந்த இரண்டடி போதும்.

பள்ளம் என்றதும் கொசு வருமே என்றார்கள். நியாயமான கேள்வி. கொசு முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். மணலைத் தொட்ட எங்கள் பள்ளத்தில் சாதாரண மழைத் தண்ணீர் ஒரே நாளில் இறங்கிவிடுகிறது. முதல் மழையில் எல்லோரும் குடையோடு வந்து நின்று பார்த்தார்கள், அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

செடிகள் கிடைப்பது லேசில்லை. சாலையோர நர்சரிகளில் நீங்கள் எதைக் கேட்டாலும் வெளிநாட்டு அழகுச் செடியைத்தான் நீட்டுவார்கள். புங்கம், புன்னை, மகிழம், பூவரசு எல்லாம் வனத்துறை நாற்றங்காலில் மலிவாகவே கிடைக்கும். காயா, காட்டு எலுமிச்சை, காரை, வெப்பாலை போன்றவற்றுக்கு ஆரோவில் சுற்றுவட்டார நர்சரிகளுக்குத்தான் போக வேண்டியிருந்தது. காட்டிலிருந்தோ கோயில் காட்டிலிருந்தோ செடியைப் பிடுங்கி வரவே கூடாது. அங்கே மிச்சமிருப்பதே கொஞ்சம். எங்கள் தோட்டக்கார அண்ணன் மரக்காணம் பக்கத்துக்காரர். வண்டியிலிருந்து காரைக் கன்றை இறக்கியபோது, "சார், எங்க ஊர்ல ஆடு மேய்க்கிற இடமெல்லாம் இதுதான் சார், இதுக்கா காசு குடுத்தீங்க?" என்றார். அப்புறம் அவரே ஊருக்குப் போகும்போதெல்லாம் விதை கொண்டுவர ஆரம்பித்தார். ஆவாரை, விராலி இரண்டும் அப்படி அவர் கொண்டுவந்த விதையில் முளைத்தவை.

எதை எங்கே வைத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்துக்குள் வெட்டிவேர், விளிம்பில் நொச்சி, தரையை மூடப் பொடுதலை. பள்ளம் முடியும் மூலையில், கட்டடத்திலிருந்து தள்ளி, ஒரு புங்கம். மேட்டின் உச்சியில் ஆவாரை, விராலி, செம்முள்ளி, பிரண்டை, நடுநடுவே கொழுக்கட்டைப் புல். இரண்டுக்கும் இடைப்பட்ட சமதரையில் காயா, காட்டு எலுமிச்சை, வெப்பாலை, காரை, ஒரு மகிழம். கடல் பக்கத்து மதிலோரம் உப்புக்காற்றுக்குப் புன்னை, பூவரசு, சங்கஞ்செடி. பொடுதலைக்குத் தனியாக ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். தரையோடு தரையாகப் படரும், மேலே நடக்கலாம், வெட்ட வேண்டியதில்லை, சின்னச் சின்ன வெள்ளைப் பூவில் தேனீ மொய்க்கும். பச்சைத் தரை வேண்டும் என்று ஏங்கியவர்களுக்கு இதுவே பதிலாகிவிட்டது. தேனீ அதிகம் வருவதால் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் மட்டும் வைக்கவில்லை.

நடுவதற்கு நேரம் மிக முக்கியம். ஜூன் ஐந்தாம் தேதி சுற்றுச்சூழல் தினத்துக்குச் செடி நடும் வழக்கம் சென்னைக்கு ஒத்து வராது. அப்போது வெயில் இன்னும் இறங்கியிருக்காது, பெருமழைக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டும். நாங்கள் ஆவணியில் குழி எடுத்து, புரட்டாசிக் கடைசியில் நட்டோம். ஒன்றரை அடிக் குழி, அடியில் தேங்காய் மட்டை. தென்னந்தோப்பில் மட்டை புதைப்பது போலவே, உட்குழி மேலே பார்த்திருக்கும்படி அடுக்கி, மண் போட்டு மூட வேண்டும். மணலில் நிற்காத தண்ணீரை அந்த மட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே மட்கிய எருவும் தோண்டிய மண்ணும் கலந்து நிரப்பினோம். முழங்கால் உயரக் கன்றே போதும். ஆளுயரக் கன்று பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பையில் வேர் சுருண்டிருக்கும், காற்றில் சாயும். தரைக்கு மூடாக்காக இலைச்சருகு, துண்டாக்கிய தென்னை ஓலை. அட்டைப்பெட்டிகளை விரிக்கச் சொல்வார்கள். எங்கள் பக்கம் அதைக் கரையான் தேடி வரும், அதனால் தவிர்த்தோம்.

வறட்சி தாங்கும் செடிக்குத் தண்ணீரே வேண்டாம் என்று நினைப்பது பெரிய தவறு. வேர் ஆழம் போகும் வரை, அதாவது முதல் கோடையில், கட்டாயம் வேண்டும். அதற்குப் பானை வைத்தோம். ஐந்து லிட்டர் மண்பானை, மெருகு பூசாதது. செடியிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை மூடியால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். மண் காயக் காயப் பானையின் சுவர் வழியாக ஈரம் கசியும். வேர் அந்த ஈரத்தைத் தேடிக் கீழே போகும், மேலே ஊற்றுவது போல் ஆவியாகி வீணாகாது. பிப்ரவரி முதல் ஜூன் வரை வாரம் இரண்டு முறை நிரப்பினோம். ஒவ்வொரு வீடும் இரண்டு பானையைப் பொறுப்பெடுத்துக்கொண்டது. இரண்டாம் கோடையில் மேட்டுச் செடிகளின் பானைகளை எடுத்துவிட்டோம், மூன்றாம் கோடையில் மற்றவற்றையும்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை ஊற்றலாமா என்று பலர் கேட்டார்கள். அதில் உப்பு செறிந்திருக்கும், மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். கடலோரத்தில் ஏற்கனவே இருக்கும் உப்பு போதும். அதைப் படிக்கட்டு கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது, அதில் உப்பில்லை. கீழ்த்தள ஏசிக் குழாய்களை ஒன்றாக இணைத்துப் பூஜைப் பூக்களுக்கு விட்டோம். மாமிகள் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்டது சரிதான். பொதுத் தோட்டத்தில் ஆட்கள் தினமும் வந்து பறிக்க ஏதாவது இருந்தால்தான் தோட்டம் நிலைக்கும். அதே காரணத்துக்காக வாசலருகே 100 சதுர அடிக்குக் கீரைப் பாத்தியும் போட்டோம், தினமும் தண்ணீர் கேட்கும் ஒரே இடம் அதுதான். புல்லுக்குப் போட்ட அதே கணக்கில் பார்த்தால் 50 லிட்டருக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டாம் மாடியில் வேலை செய்யும் அக்காதான் பாத்திக்கு வெளியே தானாக முளைத்த மூக்கிரட்டையையும் முடக்கத்தானையும் அடையாளம் காட்டி, இதைக் களை என்று பிடுங்காதீர்கள் என்று தடுத்தார். இப்போது எதைப் பிடுங்குவது என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு.

பாம்பு பயம் கடைசி வரை இருந்தது, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. நடைபாதையின் இரு பக்கமும் இரண்டடிக்குக் குட்டையான பொடுதலை மட்டும் வைத்து, தரை எப்போதும் கண்ணில் படும்படி செய்தோம். உயரமான புதர்கள் அதற்கு அப்பால்தான். பாதைக்குச் செங்கல் விளிம்பு, ராத்திரிக்கு விளக்கு, சாப்பாட்டுக் கழிவு கிடையாது, ஏனென்றால் எலி வந்தால் பாம்பும் வரும். இந்தச் செங்கல் விளிம்புக்கு இன்னொரு பயனும் உண்டு. அது இருப்பதால்தான் பார்க்கிறவர்களுக்கு இது பராமரிக்கும் தோட்டம் என்று புரிகிறது. விளிம்பு இல்லாமல் அதே செடிகள் இருந்தபோது, விட்டுப்போன மனை மாதிரி இருக்கிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவிலேயே தண்ணீர் நின்றதால் எங்கள் பள்ளமும் வடியவில்லை, சமதரையும் முழுகியது. தண்ணீர் இறங்கிய பிறகு போய்ப் பார்த்தோம். நொச்சி, புங்கம், வெட்டிவேர் மூன்றும் கொஞ்சமும் அசரவில்லை. காயாவும் காட்டு எலுமிச்சையும் சில இலைகளை உதிர்த்துவிட்டு நின்றன. மேட்டு உச்சியில் இருந்த ஆவாரை பிழைத்தது. ஆனால் மேட்டின் அடிவிளிம்பில் விதை விழுந்து தானாக வந்திருந்த ஆவாரைக் கன்றுகள் ஒரு வாரத்தில் மஞ்சளாகி, வேர் அழுகிச் செத்தன. ஒரே செடி, ஒரே மண், ஓரடி உயரம்தான் வித்தியாசம். அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்றாமலே உச்சி ஆவாரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. சென்னையில் வறட்சி தாங்கும் தோட்டம் போட நினைப்பவர்கள் செடிப் பட்டியலுக்கு முன்னால் மேட்டையும் பள்ளத்தையும் முடிவு செய்ய வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பூச்சியும் பறவையும் நாங்கள் கூப்பிடாமலே வந்தன. காட்டு எலுமிச்சையின் தளிரைப் புழுக்கள் தின்னத் தொடங்கியதும் மருந்தடிக்கச் சொன்னார்கள், விட்டுவிடுங்கள் என்றேன். பறவையின் எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் சின்னப் புழு, வளர வளரப் பச்சையாகி, பெரிய வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். அதைப் பார்த்த பிள்ளைகள் இப்போது ஒவ்வொரு இலையின் அடியிலும் முட்டை தேடுகிறார்கள். ஆவாரை இலைக்கும் இதேபோல் புழு வரும், செடி மறுபடி தழைத்துவிடும்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. முதல் மழைக்கு அப்புறம் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை களை எடுக்கிறோம். பொங்கல் முடிந்ததும் நொச்சியையும் ஆவாரையையும் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுகிறோம், அந்தக் கிளைகளே மூடாக்கு. புரட்டாசிக்கு முன்னால் பள்ளத்தில் சேர்ந்த சருகையும் வண்டலையும் அள்ளி மேட்டில் போட வேண்டும். இதை விட்டுவிட்டால் மணல் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காது, அப்போது கொசுப் புகார் நியாயமாகிவிடும்.

ஆவாரையை விதையிலிருந்து வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. காய் பழுப்பாகி, அசைத்தால் விதை குலுங்கும்போது பறியுங்கள். தோல் கெட்டி, அப்படியே போட்டால் முளைக்க மாதக்கணக்கில் ஆகும். கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் போட்டு, ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் உப்பியிருப்பதை மட்டும் எடுத்து, மணலும் மண்ணும் சரிபாதி கலந்த பையில் விரல் நகம் ஆழத்துக்கு ஊன்றுங்கள். உப்பாதவற்றைத் திரும்ப ஒருமுறை வெந்நீரில் போடலாம். வைகாசியில் ஊன்றினால் புரட்டாசிக்கு நடும் அளவுக்கு வந்துவிடும்.